தணிப்புநிலத்து நாரைகள்

செம்மலருக்குச் சொல் செய்யும் வேலை. வெள்ளக் கண்காணிப்பு மையத்தின் இரண்டாம் மாடியில், கேன்டீனை ஒட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, பொறியாளர்கள் ஆங்கிலத்தில் சொல்வதற்கெல்லாம் தமிழில் கூட்டுச்சொல் கண்டுபிடித்துக் கொடுப்பாள். பக்கத்து அறையில் சாம்பார் கொதிக்கும். இந்த அறையில் இவள் சொல் வடிப்பாள். இரண்டில் எது சீக்கிரம் ஆறிப்போகும் என்று கேன்டீன்காரர் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கேலி ஒரு பக்கம் இருந்தாலும் அவள் சொற்களுக்கு மையத்தில் மரியாதை இருந்தது. மனிதர்கள் அவற்றைப் படித்தார்களோ இல்லையோ, கரைக்குரல் படித்தது.

கரைக்குரல் என்பது ஓர் இயந்திரம். ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ள ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் அதைத்தான் போனில் கூப்பிடுவார்கள். அவர்கள் தங்கள் பேச்சில் சொல்வதை அது கலைச்சொல்லாக்கிப் பொறியாளர்களிடம் கொடுக்கும். பொறியாளர்கள் போடும் உத்தரவை ஊர்ப்பேச்சாக்கி மக்களிடமும் களவேலை ஆட்களிடமும் சொல்லும். முன்பெல்லாம் நடுவில் ஓர் அதிகாரி உட்கார்ந்துகொண்டு எரிந்து விழுவார். இப்போது இனிமையான ஒரு பெண்குரல், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும் குரல். மக்கள் சந்தோஷமாக மாறிக்கொண்டார்கள். மாறாமல் என்ன, திட்டு வாங்க யாருக்காவது ஆசையா?

அந்த இயந்திரத்துக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்க, பொருள் மட்டும் எழுதினால் போதாது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதியாக வேண்டும். அகராதி வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். செம்மலரோடு வேலை பார்த்தவர்கள் ‘இது ஒரு மதகு’, ‘மதகு பழுதடைந்தது’ என்று எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவளால் அது முடியாது. தமிழாசிரியர் மகள். வாக்கியத்தில் மண்வாசனை வேண்டும், நிஜமான ஊர்ப்பெயர் ஒன்று வேண்டும், முடிந்தால் ஒரு பறவையாவது பறக்க வேண்டும். இவள் வாக்கியங்களைக் கொடுத்தால் கரைக்குரல் சட்டென்று பிடித்துக்கொள்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் செய்தவற்றில் நன்றாக ஊன்றி நின்ற சொல் ‘தணிப்புநிலம்’. ஆறு பெருகி அணை தாங்காத நிலை வந்தால், ஆளில்லாத தாழ்வான இடமாகப் பார்த்து ஷட்டரைத் திறந்து தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். வெள்ளத்தின் வேகம் அங்கே தணியும். அந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். பொறியாளர்கள், கலெக்டர் அலுவலகம், செய்தி வாசிப்பவர்கள் என்று எல்லோர் வாயிலும் அது தானாக ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. ஒரு மத்தியானம், கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிரிக்கும்போது அவள் அக்கா நன்முல்லை கூப்பிட்டாள். நன்முல்லை வாழ்க்கைப்பட்டது நாணல்பட்டில். ஊர் சின்னது, ஆற்றோரம். ரொம்ப வருஷம் காத்திருந்து போன மாசிதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

“மலரு, உங்க கரைக்குரலுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“ஏங்க்கா?”

“சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போன் வந்துடுச்சு. மேட்டுக்குப் போங்க, சாமான எடுத்துக்கங்கன்னு. எங்க ஊருக்கு மட்டும் ஒன்னும் வரல. சரின்னு நானே போட்டேன். வாசப்படிகிட்ட தண்ணி வந்துடுச்சும்மா, வீட்ல கைக்கொழந்த இருக்குன்னு சொன்னேன். அதுக்கு அது என்னா சொல்லுச்சு தெரியுமா?”

“என்ன சொல்லுச்சு?”

“‘தகவலுக்கு நன்றி. கூட்டருகே நீர் ஏறியுள்ளது. குஞ்சு ஒன்று.’ அவ்ளோதான். வச்சிடுச்சு.”

செம்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதடி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. மறுபடி போட்டு, நான் நன்முல்ல பேசுறேன், ஏழுமலை பொண்டாட்டின்னு கத்துனேன். ‘பெண் நாரை, ஒன்று’ங்குது.”

சிரிப்பு அடங்கிவிட்டது. தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு அவள் கீழே கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள்.

அங்கே ஜெரால்டு இருந்தார். கரைக்குரலைப் பராமரிக்கும் பொறியாளர். எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்குவார், அதுவும் எதிரில் இருப்பவர் போதும் போதும் என்று சொல்லும்வரை விளக்குவார். நாணல்பட்டிலிருந்து வந்த அழைப்பை அவர் போட்டுக் காட்டினார். அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது, பின்னால் குழந்தையின் அழுகையும் கேட்டது. அதற்குக் கீழே திரையில் கரைக்குரல் எழுதியிருந்தது: தணிப்புநிலம், நாணல்பட்டு. நாரைக்கூட்டருகே நீர். குஞ்சு ஒன்று. நடவடிக்கை தேவையில்லை.

“அதுக்குக் காது கேக்கலையா சார்? பொம்பளக் குரல், தமிழ்ல பேசுது!”

“நல்லாத்தான் கேட்டிருக்கு மேடம். தப்பு காதுல இல்ல.” ஜெரால்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “ஒரு சொல்லுக்கு என்ன பொருள்னு அது சொல்லுக்குள்ள தேடாது. அக்கம்பக்கத்துல தேடும். ‘குளிர்ச்சங்கிலி’ன்னு ஒன்னு இருக்கு. தனியா பாத்தா குளிரு, சங்கிலி, ஒன்னும் வெளங்காது. தடுப்பூசிக்குப் பக்கத்துல அத வைங்க. மருந்து கெடாம குளிர்லயே வச்சு ஊர் ஊரா கொண்டு போற ஏற்பாடுன்னு புரிஞ்சிடும். மீன் வியாபாரத்துக்குப் பக்கத்துல வச்சா வேற. எதோட சேத்து வைக்கிறோமோ, அதான் அதோட பொருள்.”

“அது எனக்குத் தெரியும். எங்கக்கா எப்படி நாரையானா?”

“தணிப்புநிலம்னா ஆளில்லாத எடம். ஆளில்லாத எடத்துலேர்ந்து ஒரு குரல் வந்தா, அது ஆள் குரலா இருக்க முடியாதில்ல? அங்க வேற என்னா இருக்கும்னு அதுக்குத் தெரியுமோ, அந்தக் குரலாத்தான் எடுத்துக்கும். வீடுன்னா கூடு. புள்ளன்னா குஞ்சு.”

“நாணல்பட்டு எப்ப தணிப்புநிலமாச்சு? அது ஊரு சார். நான் தீபாவளிக்குப் போற ஊரு.”

ஜெரால்டுக்கும் தெரியவில்லை. கரைக்குரலிடமே கேட்டார். அது யோசிக்காமல், அதே இனிமையோடு சொன்னது: “தணிப்புநிலத்தில் யாரும் குடியிருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, நாணல்பட்டுத் தாழ்வில் நாணலும் நாரையுமே வாழ்கின்றன.”

அது செம்மலர் எழுதிய வாக்கியம்.

எழுதிய நாள்கூட நினைவுக்கு வந்தது. போன வருஷ மழை ஓய்ந்த சமயம், அக்காவுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. ஊரில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்று அவள் போனில் அலுத்துக்கொண்டாள். “இந்த ஊர்ல யாருடி இருக்கா? நாணலும் நாரையுந்தான்” என்றாள். என்ன அழகான வாக்கியம் என்று செம்மலர் அன்றைக்கே அதை எடுத்து, கொஞ்சம் இழைத்து, தணிப்புநிலத்துக்கு எடுத்துக்காட்டாகப் போட்டுவிட்டாள். ஊர்ப்பெயரும் இருந்தது, பறவையும் இருந்தது. கரைக்குரல் சட்டென்று பிடித்துக்கொண்டது.

“அத எடுத்துடுங்க சார். இப்பவே.”

“எடுத்துடலாம். ஆனா உப்பு கரைஞ்சு போச்சு மேடம், கஞ்சியிலேர்ந்து எப்படிப் பிரிக்கிறது? அந்த ஒரு வாக்கியத்த வச்சு அது எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கு, அந்த அறிக்கைய வச்சு வேற அறிக்கை. இப்ப உங்க வாக்கியமே தேவையில்ல அதுக்கு.”

இரண்டு பேரும் தலைமைப் பொறியாளர் பத்மநாபனிடம் ஓடினார்கள். பத்மநாபன் கெட்டவர் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தூங்கி ரொம்ப நேரமாகிறது என்று தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஆளுங்க இருக்காங்களா? என்னம்மா சொல்றீங்க! விடியறப்ப நாணல்பட்டு ஷட்டர் தொறந்தே ஆகணும். இல்லேன்னா அணை நிக்காது, டவுனே போயிடும்.”

அவர் கையாலேயே உத்தரவு அடித்தார். நாணல்பட்டு மக்களை உடனடியாகப் பாதுகாப்பாக வெளியேற்றவும். பச்சை விளக்கு எரிந்தது. உத்தரவு நிறைவேற்றப்படுகிறது என்று குரல் சொன்னது.

“முடிஞ்சுது. வண்டி கெளம்பிடும். கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் அணைக்குப் புறப்பட்டுப் போனார். செம்மலர் மேலே வந்து, மூடி வைத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டாள். அக்காவைக் கூப்பிட்டு, வண்டி வரும், தயாராக இரு என்றாள்.

வண்டி வந்தது. சாயங்காலம் அக்காவே கூப்பிட்டுச் சொன்னாள்.

“மலரு, ஒரு ஜீப்புல ரெண்டு பேரு வந்தானுங்க. எறங்கி, ஆத்தோரமா நின்னு பட்டாசு வெடிச்சானுங்க. தகர டின்ன போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டுனானுங்க. ஹூய் ஹூய்னு கத்துனானுங்க. கொழந்த பயந்து அலறுது. போட்டோ எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டானுங்க.”

“எதுக்காம்?”

“நாரை வெரட்டவாம். உங்க மாமா போயி, ஏம்பா இத்தன ஆளு நிக்கிறமே கண்ணு தெரியலையான்னு கேட்டாரு. ‘தெரியுதுங்க. ஆனா எங்களுக்கு வந்த வேலை இதான். மத்தத நீங்க கரைக்குரல்லயே சொல்லிடுங்க’ன்னுட்டானுங்க.”

செம்மலர் கீழே ஓடிப் போய்ச் சொன்னதும், ஜெரால்டு அணையில் இருந்த பத்மநாபனைப் பிடிக்கப் பார்த்தார். அங்கே செல்போன் டவர் மழையில் சாய்ந்திருந்தது. மையத்திலிருந்து பேச வேண்டுமென்றால் கரைக்குரல் வழியாகத்தான் பேச முடியும். சார், ஆட்களை ஏற்ற வண்டி வரவில்லை, ஊர் அப்படியே இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஜெரால்டு தொண்டை கிழியக் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் பத்மநாபனின் அலுத்த குரல் வந்தது: “யோவ் ஜெரால்டு, அணை கெடக்குற கெடையில நாரை குஞ்சு பொரிச்சத வந்து சொல்றியே. வைய்யா.”

ஜெரால்டு கையிலிருந்த ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான் இத விட்டு வர முடியாது மேடம். நீங்க போங்க.”

செம்மலர் போய்ச் சேர்ந்தபோது நாணல்பட்டில் விளக்கு வைக்கும் நேரம். மாரியம்மன் கோயில் மேட்டில் ஊரே கூடியிருந்தது. நன்முல்லை குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். அக்கா புருஷன் ஏழுமலை, “வாம்மா மலரு. மழையில எதுக்கு இவ்ளோ தூரம்?” என்று கேட்டார். முழங்கால் நனைந்திருந்தும் விருந்தாளியை விசாரிக்கும் வழக்கம் அவருக்குப் போகவில்லை.

விடிந்தால் ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள், எல்லோரும் இப்போதே கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னாள். யாரும் அசையவில்லை.

“குரல் வரலையேம்மா” என்றார் ஒரு பெரியவர்.

“குரலுக்குத் தெரியல ஐயா.”

“அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? போன வருஷம் தண்ணி எங்க வரைக்கும் வரும்னு சொன்னுச்சோ, கோடு போட்ட மாதிரி அங்க நின்னுச்சு. அது சொல்லாம, ஆடு மாட்ட விட்டுட்டு நாங்க எங்கன்னு போறது?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் குரல் அவர்களை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. எரிந்து விழுந்த அதிகாரிகளை அவர்கள் நம்பவில்லை, அதனால் எப்போதும் தாங்களே வானத்தைப் பார்த்துக் கிளம்பினார்கள். இனிமையான குரலை நம்பிய பிறகு வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

செம்மலருக்கு வேறு வழி தெரியவில்லை. கோயில் மைக்செட்டைப் போடச் சொன்னாள். தன் போனில் கரைக்குரலைக் கூப்பிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். “நீங்களே பேசுங்க மாமா” என்றாள்.

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். “வணக்கம். நாணல்பட்டுலேர்ந்து ஏழுமலை பேசுறேன்.”

ஊர் முழுக்கக் கேட்கும்படி குழாய் ஒலிபெருக்கி சொன்னது: “நன்றி. ஆண் நாரை, ஒன்று.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏழுமலையும் சிரித்துவிட்டார். ஒரு பெண் முந்திக்கொண்டு வந்து, “நான் பஞ்சாயத்து மெம்பரு பேசுறேன்” என்றாள். “பெண் நாரை, ஒன்று. குரல் உரத்தது” என்றது. அதற்கும் சிரிப்பு. விடலைப் பையன்கள் இருவர் சேர்ந்து கூவினார்கள். “இளம் நாரைகள், இரண்டு.” அந்தப் பெரியவர் நம்பாமல் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தன் பெயர், தகப்பன் பெயர், கோயில் பெயர், தான் மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். கரைக்குரல் பொறுமையாகக் கேட்டது. அது என்றைக்கும் பொறுமையாகத்தான் கேட்கும்.

“நன்றி. முதிர்ந்த நாரை, ஒன்று. பறக்க இயலாதது.”

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து நன்முல்லையின் தலைப்புக்குள் குழந்தை வீறிட்டு அழுதது. ஒலிபெருக்கி அதையும் வாங்கிக்கொண்டது.

“குஞ்சு, ஒன்று” என்றது குரல், அன்பாக. “பதிவு செய்யப்பட்டது. தணிப்புநிலத்தில் யாரும் இல்லை. ஷட்டர் திறக்க ஏற்றது.”

ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் இன்னும் மனிதராகத்தான் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல. பெரியவர்தான் முதலில் நகர்ந்தார். “டிராக்டர எடுங்கடா” என்றார்.

ஜெரால்டின் காரில் நடக்க முடியாதவர்களை அனுப்பிவிட்டு, டிராக்டர் பெட்டியில் அக்காவும் தங்கையும் ஒரே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து வந்தார்கள். வழியில் செம்மலர் அந்த வாக்கியத்தைப் பற்றிச் சொன்னாள். மறைக்க முடியவில்லை, அழுகையும் வந்துவிட்டது.

நன்முல்லை குழந்தையின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். பிறகு, “நான் சொன்னதுதானடி அது” என்றாள். “ஒனக்கு மட்டும் சொன்னேன்.”

விடிந்ததும் ஷட்டர் திறந்தார்கள். நாணல்பட்டு முழுகியது, அணை பிழைத்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். கரைக்குரலின் கணிப்பு துல்லியமாக இருந்ததாக மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பத்மநாபன் மையத்துக்குத் திரும்பியதும் செம்மலர் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்ப நான் நாரைன்னு நெனச்சது…” என்று நிறுத்தினார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். அதில் நாணல்பட்டில் யாரும் இல்லை என்று இருந்தது. “இப்ப அது உண்மைதானேம்மா? என்னத்தத் திருத்தறது நான்?”

ஊர்க்காரர்களை டவுனில் ஆற்றோரத் தெற்குத் தெருப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அதே தெருவில்தான் செம்மலரின் வீடும், ஓர் அடுக்குமாடியில் முதல் தளம். அக்கா குடும்பத்தை அவள் தன்னோடு அழைத்துக்கொண்டாள். குழந்தைக்குத் தொட்டில் கட்ட ஜன்னல் கம்பி போதவில்லை என்று ஏழுமலை விட்டத்தைத் தேடி, டவுன் வீட்டில் விட்டமே கிடையாது என்று தெரிந்து வருத்தப்பட்டார். வீட்டில் சத்தமும் சாப்பாட்டு மணமுமாக இருந்தது. செம்மலருக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் பால் வேண்டும், போர்வை வேண்டும் என்று கரைக்குரலைக் கூப்பிட்டால், இடம்பெயர்ந்த நாரைகள் என்று பதிவு செய்துகொண்டது. பால் வரவில்லை. ஒரு தடவை பறவைத்தீனி என்று மூட்டை நிறையப் பொரி வந்தது. பெரியவர் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

இது தன் வேலை என்று செம்மலருக்குத் தோன்றியது. வாக்கியத்தால் கெட்டதை வாக்கியத்தால்தானே சரி செய்ய வேண்டும்? ஜெரால்டு அசதியில் காய்ச்சலாகப் படுத்திருந்தார்; அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அவளே உட்கார்ந்து, ‘தணிப்புநிலம்’ என்ற சொல்லுக்குப் புது எடுத்துக்காட்டுகள் எழுதினாள். தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் எழுதியதில்லை.

தணிப்புநிலத்திலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். தணிப்புநிலத்து மக்கள் இப்போது ஆற்றோரத் தெற்குத் தெருவில் இருக்கிறார்கள். தெற்குத் தெருப் பள்ளியின் முற்றத்தில் தணிப்புநிலத்துப் பெரியவர் வெயிலுக்குக் காத்திருக்கிறார். தணிப்புநிலத்திலிருந்து வந்த நன்முல்லை, தெற்குத் தெருவில் தங்கை வீட்டுப் பால்கனியில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். எதிர்மரத்தில் ஒரு நாரை அமர்ந்து பார்க்கிறது.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். கண் கலங்கியது. தெருப்பெயர் இருந்தது, பறவையும் இருந்தது. கரைக்குரல் சட்டென்று பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது.

கார்த்திகையில் இரண்டாவது புயல் வந்தது. அன்று காலை செம்மலர் பல் துலக்கிக்கொண்டு பால்கனியில் நின்றபோது, பின்தெருவில் வீட்டுக்கு வீடு போன் அடிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஆட்கள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக மேட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அடுத்து வடக்குத் தெருவில் அடித்தது. தெற்குத் தெருவில் எந்த வீட்டிலும் அடிக்கவில்லை.

நம் தெரு மேடாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இல்லை என்று அவளுக்கே தெரியும். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பத்மநாபனைக் கூப்பிட்டாள். டவர் வேலை செய்தது, அவர் உடனே எடுத்தார்.

“பயப்படாதீங்கம்மா” என்றார். “இந்தத் தடவ நான் அசந்துடல. தென்கரை ஷட்டர் தொறக்கணும், தெற்குத் தெருவத் தணிப்புநிலம்னு காட்டுது. ஆனா அங்க ஜனங்க இருக்காங்கன்னு ஞாபகமா, நானே என் கையால உத்தரவு போட்டுட்டேன். மொத ஆளா அவங்கள வெளியேத்தச் சொல்லியிருக்கேன். பச்சை வந்துடுச்சு. வண்டி கெளம்பிடுச்சும்மா.”

“என்ன வண்டி சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் கீழே டமார் என்று வெடித்தது. தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. ஏழுமலை உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

கேட்டுக்கு வெளியே அதே ஜீப் நின்றிருந்தது. ஒருவன் சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் தகர டின்னைத் தட்டிக்கொண்டே தெரு நெடுக நடந்து வந்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று தட்டினான், அடுத்த வீட்டு வாசலில் நின்று தட்டினான். பிறகு இவர்கள் பால்கனிக்கு நேர்கீழே வந்து அண்ணாந்து பார்த்தான். கையில் போனோடு நின்ற செம்மலர் அவன் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தாள். போட்டோ எடுத்துக்கொண்டான். அப்புறம், செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறவனைப்போல, கையை மேலே வீசினான்.

“ஹூய்! ஹூய்!”

செம்மலர் திரும்பினாள். நன்முல்லை அதற்குள் குழந்தையைத் தோளில் போட்டுத் தலைப்பை இழுத்து மூடியிருந்தாள். பையும் கையில் இருந்தது.

“கெளம்புடி மலரு” என்றாள். “நம்மளத்தான் வெரட்டுறாங்க.”